ஒன்பதாம் கட்டம்

இரண்டு நாள் குளிக்கக் கூடாது என்றார் டாக்டர்.
ஏப்ரல் மாதம்.
எஜிபுராவில் தகரக் கூரை.
முதுகு முழுக்கப் பிளாஸ்டர், அதற்குள் வரிசை வரிசையாய்
மூக்குத்தித் திருகாணி அளவுக் கிண்ணங்கள்,
கிண்ணத்துக்கு ஒரு பொட்டு.
"பயப்படாதீங்க, எல்லாம்
உங்க வீட்டில் இருக்கிறதுதான்."

என் வீட்டில் இருப்பது
நீல டிரம் இரண்டு,
பீனியாவிலிருந்து ஆட்டோவில் வரும் கேன்கள்.
ஒன்று நுரைக்க, ஒன்று கெட்டிப்பட,
ஒன்று கெடாமலிருக்க.
கடைசியாய் ஊற்றுவது வாசனை.
மூடி திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்
எலுமிச்சை, மல்லிகை, லாவண்டர்.
அந்த எலுமிச்சை மரத்தைப் பார்த்ததில்லை.
நான் லாவண்டரைப் பார்த்ததில்லை.
கட்டை போட்டுக் கலக்குவேன், முழங்கைவரை தெறிக்கும்.
கையுறை போட்டால் பிடி வழுக்குகிறது.
ஜெயசீலன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றி
மூன்று பாஷையில் கூவி விற்று வருவார்.

முதலில் விரலிடுக்கில் நமைச்சல்.
பிறகு தோலுக்கடியில் ஜவ்வரிசி வேகவைத்தது போல்
குட்டிக் கொப்புளங்கள்.
பிறகு வெடிப்பு.
சோறு பிசைய ஸ்பூன், தலை பின்ன அவர்.
மெடிக்கல் ஷாப் ட்யூப் போட்டால் போகும்,
டிரம்மைத் தொட்டால் வரும்.

குப்புறப் படுத்த முதல் ராத்திரி
இடது தோளுக்குக் கீழே யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.
"சொறியாதே."
"சொறியலை. நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

பௌரிங் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை உரித்து
பேனாவால் எண் போட்டார்கள்.
இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.
அன்று ஜெயசீலன் போனில் பிடித்துக் காட்டினார்.
முப்பத்தெட்டு வருஷத்தில்
என் முதுகை நான் பார்ப்பது முதல் தடவை.
மாதக் காலண்டர் மாதிரி இருந்தது,
ஒன்பதாம் தேதி மட்டும் சிவப்பு.
"என்ன பண்டிகை?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒன்பது, வாசனைக் கலவையாம்.
மல்லிகையா எலுமிச்சையா என்று கேட்டேன்.
அவ்வளவு பிரித்துச் சொல்ல இந்தக் கட்டம் போதாதாம்.
"ஒருமுறை பிடிக்காமல் போனால் தோல் லேசில் மறக்காதும்மா.
இனி எது வாங்கினாலும் லேபிளைப் படிங்க."
லேபிள் நான்தான் ஒட்டுகிறேன் டாக்டர்.
அதில் இரண்டு எலுமிச்சம்பழப் படம் இருக்கிறது,
ஒரு இலை இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில், ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில்,
நாகமணியின் கை ஞாபகம் வந்தது.
அடுக்குமாடியில் ஐந்து வீடு.
மேடம்கள் கொடுத்த காசை நீட்டுவாள்,
நோட்டு அவள் வெடிப்பில் சிக்கிக்கொள்ளும்.
"தேங்காய் எண்ணெய் தடவுக்கா" என்பேன்.
சொல்லிவிட்டு
நோட்டை உருவி வாங்கிக்கொள்வேன்.

அடுத்த டிரம்மில் வாசனை ஊற்றவில்லை.
தெரு திரும்பிப் பார்க்கவில்லை.
நாலு நாளில் மூன்று பாட்டில் போனது,
ஒன்று திரும்பி வந்தது. தண்ணி கலந்துவிட்டேனாம்.

நாகமணி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள்.
இன்னொரு தரம்.
"ஒண்ணுமே வரலையே."
வரக் கூடாதுன்னுதான் என்று கையைக் காட்டினேன்.
அவளும் காட்டினாள்.
கைரேகை பார்ப்பவர்கள் மாதிரி
கொஞ்ச நேரம் நின்றோம்.
"அது சரி. வீடு மணக்கலைன்னா
மேடம் நான் துடைக்கவே இல்லைன்னு சொல்லுவாங்க.
சுத்தம் கண்ணுக்கா தெரியுது?"

யோசித்தாள்.
வாசனையில்லாததில் ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டாள்.
"எலுமிச்சை கொஞ்சமா குடு,
அவங்க செருப்பு கழட்டுற இடத்தில மட்டும் தெளிக்கிறேன்."

இருப்பதிலேயே சின்னப் பாட்டிலைத் தேடினேன்.
நான் ஊற்றவில்லை.
ஜெயசீலனைக் கூப்பிட்டேன்.